நன்றியுரையில் ஒரு பெயர்

பென்னலூர்,
12 ஜூலை 2025

கனகு,

'கிறிஸ்துவுக்குள் பிரியமான' என்றுதான் உனக்கு எப்போதும் ஆரம்பிப்பேன். நீ நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் அந்த வரி இல்லாவிட்டால் ஷாரோன் எழுதிய மாதிரியே இல்லை என்பாய். இன்று அதை எழுதக் கை வரவில்லை. போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் நான் அழுவேன், நீ சமாதானம் சொல்வாய், நானும் சமாதானம் ஆகிவிடுவேன். அப்படி ஆகக் கூடாது என்றுதான் காகிதம்.

செவ்வாய்க்கிழமை கல்லூரி முடிந்து வந்தபோது கன்னியப்பன் எங்கள் வாசலில் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். எங்கள் மாடியை வாடகைக்கு எடுத்து, ஒரகடம் வயரிங் கம்பெனிப் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்துகிறாரே, அவர்தான். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னா சிஸ்டர், இது நம்ம வூடுதானே?"

உன் கட்டுரை. மாடியில் நடக்கும் ஜெபக் கூட்டத்தைப் பற்றி நீ எழுதியது, அந்த இணைய இதழில் வந்த தமிழ் வடிவம். கடைசிப் பத்தியில் மஞ்சள் அடித்திருந்தார்கள். 'பென்னலூரில் தன் வீட்டு மாடியை எனக்குத் திறந்துவிட்ட தோழி ஷாரோனுக்கு என் முதல் நன்றி.'

"அன்னிக்கு ஞாயித்துக்கெழம பஸ்ஸு காலியா திரும்பிச்சே, இன்னாடா விஷயம்னு கேட்டா சாம்பார் கெட்டுப்போச்சு, எல்லாருக்கும் வயித்தால போவுதுன்னு சொன்னதுங்க. நான் நம்பிக்கினு மெஸ்ஸையே மாத்துனேன், சிஸ்டர்! இங்க பாத்தா மேல ஒக்காந்து ஜெபம் பண்ணிக்கினு முடிவு எடுத்துகீதுங்க."

அவருக்குக் கோபம்கூட இல்லை. சிரித்தார். கம்பெனியில் யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர்களின் வாட்சப் குழு முழுக்க அந்தக் கட்டுரை சுற்றியிருக்கிறது. வீடு தெரிந்ததும், நீ அப்படியே எழுதியிருந்த உங்கள் ஊர்ப் பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த நாளே மாடியில் தங்கியிருக்கும் முப்பிடாதியை ஷிப்டின் பாதியில் லைனிலிருந்து எழுப்பி, சஸ்பெண்ட் செய்து அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு வராமலிருக்கச் சக தொழிலாளர்களைத் தூண்டினாளாம். ஒப்பந்த ஆள் இல்லை, கம்பெனியின் நேரடி ஆள் என்பதால் விசாரணை என்ற ஒன்றாவது இருக்கிறது. முடிவு அவளுக்கு எதிராக வந்தால் வேலை போகும். ஊரில் இரண்டு தங்கைகளின் படிப்பு அவள் சம்பளத்தில்தான் நடக்கிறது.

ஜனவரியில் நீ வந்திருந்தபோது மாடியில் என்ன சொன்னாய்? அவள் உன் போனைப் பார்த்து, "யக்கா, நாங்க பேசுதத இதுல புடிக்கியளா?" என்று கேட்டாள். "என் குறிப்புக்கு மட்டும்தாம்ளா, உம் பேரு எங்கயும் வராது" என்றாய். உன் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் எப்படி மலர்ந்தது! நான் சொல்லி அவள் நம்பவில்லை, கனகு. நீ 'ளா' போட்டதில் நம்பினாள்.

நேற்று மாடியிலிருந்து இறங்கி வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவிய நல்லவியன்னு நீங்கதானக்கா சொன்னிய?"

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த அறை, அந்தப் பெண், அந்த முடிவு எல்லாம் உன் கற்பனை என்று விசாரணை அதிகாரிக்கு எழுது. நீ எழுதினால் அவர்கள் கையில் வேறு ஆதாரம் கிடையாது.

ஷாரோன்


புது தில்லி,
21 ஜூலை 2025

அன்புள்ள ஷாரு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: முப்பிடாதிக்கு நேர்ந்ததற்கு நான்தான் காரணம். மறுக்கவில்லை.

ஆனால் எப்படி நேர்ந்தது என்பதை நீ கேட்க வேண்டும். அவளுக்கு 'நிலா' என்று பெயர் வைத்தேன். கம்பெனி செய்யும் பொருளை மாற்றினேன். ஒரகடம் என்ற சொல் கட்டுரைக்குள் எங்குமே இல்லை. 'சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டை' என்றுதான் இருக்கும். எங்கள் துறையில் இதற்கென்று ஒரு குழு உண்டு, அவர்களும் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பத் திருத்தினேன். நன்றியுரையை மட்டும் யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அது கட்டுரையின் பகுதி என்றே எனக்குத் தோன்றவில்லை. கட்டுரை முடிந்த பிறகு மனதாரச் சொல்லும் சொல்தானே என்று இருந்துவிட்டேன்.

உன் பெயர் அங்கே ஏன் வந்தது என்பது உனக்கே தெரியும். அன்று இரவு சாப்பிடும்போது நீ சொன்னாய்: "ஜெபக் குறிப்புதான் கோரிக்கைன்னு எம்.ஃபில்.ல முதல்ல சொன்னது நான். ஒன்னோட போன கட்டுரைல ஒரு ஓரமாவாவது என் பேரப் போட்டிருக்கலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். உன் வீட்டுக்காரர் சாம்சன்கூட, "ஆமா, போட்டா கவர்மென்ட்டுல பட்டா குடுத்துருவான்" என்று கிண்டல் செய்தார். எனக்கு அது தைத்தது. அதனால்தான் இந்த முறை முதல் நன்றி உனக்கு. முழுப் பெயரோடு, ஊரோடு.

நீ கேட்பதை நான் எழுத முடியாது. கற்பனை என்று ஒரு வரி எழுதினால் இந்தக் கட்டுரை மட்டுமல்ல, இருபது வருடமாக நான் எழுதிய எல்லாமே கற்பனை ஆகிவிடும். என் பதவி உயர்வும் இந்த வருடம்தான் வருகிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. நம் இருவருக்கும் பிடித்த அந்த மனிதர்களை நினைத்துப் பார். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அரசரின் திருச்சபைக்கு வெளியே ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு மேல் வெளியாட்கள் கூடி வழிபட்டால் குற்றம். நெசவாளர்களும் ரொட்டி சுடுகிறவர்களும் கூடினார்கள். பிடிபட்டார்கள். நாங்கள் கூடவில்லை என்று சொல்லியிருந்தால் பலர் தப்பியிருப்பார்கள். சொல்லவில்லை. மனச்சாட்சியின் சுதந்திரம் தத்துவ நூல்களில் பிறக்கவில்லை, அந்த அறைகளில் பிறந்தது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். அந்த அத்தியாயம் உன்னுடையது. அதை எழுதியவள் என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாள்.

என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். விசாரணை அதிகாரிக்கு என் பல்கலைக்கழகத் தாளில் எழுதியிருக்கிறேன்: 'ஆய்வில் பங்கேற்றவர்களின் அடையாளத்தை வெளியிடுவது ஆய்வு நெறிக்கு முரணானது. ஆகவே குறிப்பிட்ட நபரைப் பற்றி எதையும் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ இயலாது.' இது அவளைக் காப்பாற்றும் என்றே நம்புகிறேன்.

கனகலட்சுமி


பென்னலூர்,
3 ஆகஸ்ட் 2025

கனகு,

உன் கடிதம் என்ன செய்தது என்று சொல்கிறேன். கம்பெனியின் பெர்சனல் ஆபீசர் சிவசங்கர் அதை மேசைமேல் விரித்து வைத்து முப்பிடாதியிடம், "பாருமா, டெல்லி புரொபசரே இல்லன்னு சொல்லல. இல்லாத ஆளுக்கு எதுக்கு அடையாளத்த மறைக்கணும்?" என்றாராம். அவள் வந்து சொன்னாள். நீ மறைத்ததே சாட்சியமாகிவிட்டது. உன் துறையில் இதற்கும் ஒரு குழு இருக்கிறதா?

பெயர் போடச் சொன்னது நான்தான். அதை நீ ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அந்த வாட்சப்பில் மஞ்சள் அடித்த வரியைப் பார்த்தபோது, முதல் ஒரு நொடி, வெறும் ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் கன்னியப்பன் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு நொடியை நான் என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறேன். ஆனால் பெயர் கேட்டவள் நான் என்பதால், உன்னை நம்பி வாய் திறந்தவள் அவள் என்பது மாறிவிடாது.

அந்த மனிதர்களைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், அத்தியாயம் என்னுடையதுதான். அப்பா படுக்கையில் விழுந்து, கல்யாணம் ஆகி, ஆராய்ச்சியை நான் நிறுத்தியபோது உன்னிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உன் புத்தகத்தில் அது உன்னுடையதாக வந்தது. அப்போதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. யோசனைதானே, இரண்டு பேர் மூளையிலும் இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதிலிருந்து நீ இதையா கற்றுக்கொண்டாய்? அந்த நெசவாளர்கள் சிறைக்குப் போனது அவர்களே எடுத்த முடிவு. அவர்கள் கூடிய வீட்டைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கிய விருந்தாளி யாரும் அவர்களுக்காக அந்த முடிவை எடுக்கவில்லை. அப்படி அரசிடம் காட்டிக் கொடுத்தவர்களுக்கு அந்தக் காலத்தில் வேறு பெயர் இருந்தது. அபராதத்தில் பங்கும் இருந்தது. நாம் இரண்டு பேரும்தான் படித்தோம்.

நீ அன்று பார்த்ததை நானும் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளியும் பார்ப்பதுதான். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகத் தன் ஜெபக் குறிப்பைச் சொல்வாள். சொல்லி முடிக்கும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. "எங்க லைன் ஸ்பீடு கொறையணும்னு ஜெபம் பண்ணுங்க." "பாத்ரூம் போவ டோக்கன் கேக்காம இருக்கணும், அதுக்கு ஜெபம் பண்ணுங்க." முப்பிடாதி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் அவள் முறையில்தான், "வார ஞாயித்துக்கெழம யாரும் பஸ் ஏறாத மாதிரி எல்லாருக்கும் மனசுல உறுதி குடுன்னு கேளுங்க" என்றாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவ்வளவுதான். சூப்பர்வைசரிடம் சொல்ல முடியாததைக் கடவுளிடம் சத்தமாகச் சொன்னார்கள். கடவுள் வெளியில் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கை. நீதான் வெளியில் சொன்னாய்.

என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், கம்பெனி தரப்பில். போகாவிட்டால் ஹாஸ்டலை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். இருபத்து மூன்றாம் தேதி. அதற்குள் நீ எழுதினால் நான் பேச வேண்டிய அவசியம் இருக்காது.

ஷாரோன்


புது தில்லி,
13 ஆகஸ்ட் 2025

ஷாரு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

அபராதத்தில் பங்கு என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு என்ன எழுதினாலும் உனக்கு அது கணக்கு ஒப்பிக்கிற மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். அன்று அந்த மாடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் தூசி பிடித்த தாள்களில் நான் தேடியது, ஒரு ஃபேன் சத்தத்துக்கு நடுவில், நைட்டி போட்ட பெண்கள் வாயில், கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஞாயிறு காலை உன் வாசலில் நின்று அந்தக் காலி பஸ் திரும்பிப் போவதைப் பார்த்தேன். அதை எழுதாமல் இருந்திருக்க வேண்டும். எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர்களுக்காக எழுதினேன் என்று சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான் எழுதினேன்.

ஆனால் பொய்யை என்னால் எழுத முடியாது. உன்னையும் சொல்லச் சொல்ல மாட்டேன். 'எனக்குத் தெரியாது, நான் கீழ்வீட்டில் இருப்பவள்' என்று மட்டும் சொல். அது முழுப் பொய் இல்லை. அதற்கு மேலே போகாதே. என்னிடம் அன்றைய ஒலிப்பதிவு இருக்கிறது. மிரட்டலாக இதைச் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் எப்போது கேட்டாலும் நான் அதைத் தர வேண்டும், அதுதான் விதி. நீ ஒன்று சொல்லி, பதிவு வேறொன்று சொன்னால், உங்கள் இருவரையுமே என்னால் காப்பாற்ற முடியாது.

முப்பிடாதியிடம் நான் பேசலாமா? அவள் எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிடத் தைரியம் வரவில்லை.

கனகு


பென்னலூர்,
24 ஆகஸ்ட் 2025

கனகு,

நேற்று போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உனக்கும் இது தேவைப்படும்.

கம்பெனியின் பயிற்சி அறை. ஏசி அதிகம். வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல்தான் விசாரணை அதிகாரி. சிவசங்கர் உன் கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தார். முப்பிடாதி சுவர் ஓரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சத்தியம் வாங்குவார்கள், பைபிள் கொண்டுவருவார்கள் என்று வழியெல்லாம் பயந்துகொண்டு போனேன். அதெல்லாம் இல்லை. இது கோர்ட் இல்லையாம். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

"மேடம், இந்த நன்றியுரைல இருக்கிற ஷாரோன் நீங்கதானே?"

"ஆமா."

"உங்க வீட்டு மாடில வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் நடக்குமா?"

நீ சொன்னதுதான் நாக்கு நுனியில் இருந்தது. தெரியாது, நான் கீழ்வீடு. சொல்லியிருப்பேன். ஆனால் உன் 'உறுதிப்படுத்தவோ மறுக்கவோ' அந்த மேசைமேல்தான் கிடந்தது. இன்னொரு நழுவல் அவளை முடித்துவிடும் என்று தெரிந்தது.

"நடக்காது," என்றேன்.

"ஒரு தடவகூட?"

"எங்க வீட்டு மாடில ஜெபமே நடந்தது கெடையாது."

"அப்ப உங்க ஃபிரண்ட் எழுதினது?"

"பொய்."

சிவசங்கர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு புரொபசர் பொய் எழுதுவாங்களா மேடம்?"

"அவ மாடிப்படி ஏறுனதே இல்ல சார். ரெண்டு நாள் எங்க வீட்ல சாப்ட்டா, தூங்குனா, போய்ட்டா. காலேஜ் படிக்கிறப்பவே இல்லாதத இருக்கற மாதிரி எழுதுவா. நாங்க அதச் சொல்லிச் சிரிப்போம். எம் பேரப் போட்டா எல்லாரும் நம்புவாங்கன்னு போட்டுட்டா."

எழுதிக்கொண்டார்கள். படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். வழக்கமான என் கையெழுத்தே விழுந்தது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 'ஒரு தடவகூட?' என்ற கேள்விக்குப் பதில் சொன்னபோது, இயேசுவைத் தெரியாதென்று மறுதலித்த பேதுருவை நினைத்துக்கொண்டேன். அவன் தனக்காகச் சொன்னான், நான் இன்னொருத்திக்காகச் சொல்கிறேன் என்று மனசுக்குள் வாதாடினேன். உனக்கு இந்த வாதம் பிடிக்கும். கட்டுரையில் போட்டுவிடாதே.

உன்னைப் பொய்க்காரி என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன், கனகு. கம்பெனி உன் பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போகிறது; கட்டுரை உண்மையா, ஆதாரம் உண்டா என்று. சிவசங்கரே சொன்னார். உன்னிடம் பதிவு இருக்கிறது. அதைக் கொடுத்தால் உன் பெயர் நிமிரும். முப்பிடாதி வேலை போகும். என் சொல்லும் போகும், என் கல்லூரியில் அதைக் கேள்விப்படுவார்கள். கொடுக்காவிட்டால் நான் சொன்னது நிற்கும், உன் கட்டுரை விழும்.

நீ எங்களை எப்படி மாட்டிவிட்டாயோ, அதே மாதிரி நான் உன்னை மாட்டிவிட்டேன். வருத்தப்படவில்லை என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை.

முடிவை நீ எடு. இந்தத் தடவையாவது முடிவு எடுக்கிற ஆள்தான் அதன் பலனை அனுபவிக்கப்போகிறாள்.

ஷாரோன்


புது தில்லி,
30 அக்டோபர் 2025

ஷாரு,

கேட்டார்கள். பதிவைப் பத்து நாளில் ஒப்படைக்கச் சொன்னார்கள். பத்தாவது நாள்வரை அது என் பையிலேயே இருந்தது.

அழிப்பதற்கு முன் ஒரு தடவை முழுக்கக் கேட்டேன். லைன் ஸ்பீடு, டோக்கன், தங்கச்சி பரீட்சை, எல்லாம். முப்பிடாதிக்குப் பிறகு ஒரு குரல் வந்தது. அன்று அதை நான் கவனிக்கவே இல்லை. எனக்கு வேண்டியது அதற்கு முன்பே கிடைத்துவிட்டதால் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டுத்தான் குறிப்பு எடுத்திருக்கிறேன். நீதான். "என் ஃபிரண்ட் கனகலட்சுமிக்காக. அவ படிப்பு நல்லபடியா மேல போகணும்." அந்தப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொல்கிறார்கள். முப்பிடாதி குரல் தனியாகக் கேட்கிறது.

அழித்துவிட்டேன். ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பொய் அது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பதவி உயர்வு பற்றி இனி யாரும் பேச மாட்டார்கள். மாணவர்கள் சிலர் வேறு நெறியாளரைத் தேடுகிறார்கள். இது தியாகம் என்று நீ நினைத்துவிடாதே. பதிவைக் கொடுக்க ஒன்பது நாள் எனக்கு மனசு இருந்தது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை. 'நாங்க அதச் சொல்லிச் சிரிப்போம்' என்றாயே, அந்த ஒரு வரி தேவையில்லை, ஷாரு. அது இல்லாமலே அவர்கள் நம்பியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் மாடியில் இப்போதும் கூடுகிறார்களா?

கனகு


பென்னலூர்,
16 நவம்பர் 2025

கனகு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்தேன். அந்த வரி தேவையில்லைதான். சொல்லும்போது அது எனக்கு இனித்தது. அதனால்தான் சொன்னேன்.

முப்பிடாதியை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பழைய லைன் இல்லை, பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். சேதி வந்த அன்று இறங்கி வந்து அல்வா கொடுத்தாள். "ரொம்பத் தேங்க்ஸுக்கா" என்றாள். மரியாதையாக இருந்தது. முன்பெல்லாம் நேராக அடுப்பங்கரைக்கு வந்து பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாள். இப்போது வாசற்படியோடு நின்றுகொள்கிறாள்.

பதிவில் என் குரல் இருந்ததாக எழுதியிருந்தாய். எனக்கே மறந்துவிட்டது. அதை எனக்குத் தெரிவிக்காமலே இருந்திருக்கலாம் நீ.

மாடியில் கூடுகிறார்களா என்று கேட்டாய். போன வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் படியேறிப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். ஒரு பெண் பாதி திறந்து, "ஒண்ணுமில்லக்கா, சும்மா பேசிக்கிட்டிருக்கோம்" என்றாள். அவளுக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு மாடியில் ஜெபமே நடந்தது கிடையாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளிடம் வேறு என்ன சொல்வார்கள்?

இறங்கி வந்துவிட்டேன். கீழே படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சத்தம்தான் கேட்டது. பிறகு எல்லோரும் சேர்ந்து சொல்லும் அந்தக் கடைசிச் சொல் மட்டும் லேசாகக் காதில் விழுந்தது. எதற்காகச் சொன்னார்கள் என்று தெரியாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆராதனைக்குக் கிளம்பும்போது கம்பெனி பஸ் வந்து வாசலில் நின்றது. ஆட்கள் ஏறினார்களா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீயும் கேட்காதே.

ஷாரோன்